அடைப்புக்குறிக்குள் ஒரு காய்ச்சல்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். சொந்த அனுபவம் ஒன்றை 500 வார்த்தைகளில் எழுதி வரச் சொன்னார்கள். பள்ளியில் பேச்சுப் போட்டி மேடையில் பாதியில் எல்லாம் மறந்துபோய் நின்றதை எழுதினேன். ஆசிரியர் கடைசிப் பத்தியை அப்படியே அடித்துவிட்டு, ‘இதில் நீ எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். ‘நான்’ என்ற சொல் மட்டும் 23 இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்! கூடப் படிப்பவர்கள் விபத்து, மரணம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. அன்று யார் என்ன பேசினார்கள் என்பதும் சரியாக ஞாபகமில்லை, உரையாடலைக் கற்பனையாக எழுதலாமா? (மேடையிலிருந்து இறங்கியதும் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன், அம்மா ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டார். அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை, நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.)
- பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: அந்த அடைப்புக்குறியை மட்டும் மூன்று தடவை படித்தேன். மேடையில் பேச்சு மறந்துபோவது எத்தனையோ பேருக்கு நடக்கிறது. ஆனால் உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, அம்மா துணியைப் பிழிந்து பிழிந்து மாற்றும் சத்தத்தை விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள்தானே? அப்படிப் படுத்திருந்த அந்த ஆளைத்தான் ஆசிரியர் தேடுகிறார், 23 ‘நான்’களில் ஒன்றில்கூட அந்த ஆள் இல்லை. இது கையில் இருக்கும்போது விபத்துக்கும் மரணத்துக்கும் எங்கே போகிறீர்கள்!

அடிபட்ட பத்தியில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன்: தோல்விதான் வெற்றிக்கு முதல் படி, சரியா? அந்தப் பத்தியை நானும் வருஷா வருஷம் எழுதியவன்தான், தலைப்பு மாறும், பத்தி மாறாது, மார்க்கும் விழும். உங்கள் ஆசிரியர் கொஞ்சம் விவரமானவர், அவ்வளவுதான்.

உரையாடல் விஷயம். ஞாபகம் யாருக்கும் ஒலிப்பதிவு மாதிரி இருப்பதில்லை. உளவியல் ஆய்வாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், படித்த கதையைத் திரும்பச் சொன்னவர்களில் சிலர் தங்களுக்குப் பழக்கமில்லாத சீல் (கடல்நாய்) வேட்டையை மீன்பிடிப்பாகவே மாற்றிவிட்டார்கள், பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாமல். அதனால் அம்மா வழக்கமாகப் பேசும் விதத்தில் இரண்டு வரி எழுதுவதில் தப்பில்லை, சந்தேகமாக இருந்தால் ‘இப்படித்தான் கேட்டதாக ஞாபகம்’ என்று போட்டுவிடுங்கள். அவர் அழுதார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அழாதிருந்தால்.

அப்புறம் அந்த வயிற்றைப் பிசைவது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்கள் மனதை உலுக்கிய விஷயங்களைத் தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது உண்மை, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்களில் சிலர், அதாவது நடந்ததோடு அப்போது மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அங்கே யாரும் மார்க் போடவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்களும் முதல் பிரதியை யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள், எதைக் கொடுப்பது என்பதை ஒரு வாரம் கழித்து முடிவு செய்துகொள்ளலாம்.

அது பொய்க்காய்ச்சல் என்று அம்மாவுக்கு இப்போதாவது தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. தெரியாது என்றால், வகுப்பில் கொடுப்பதற்கு முன்னால் அவர் படித்துவிடட்டும்.