கணினி கேள்வி – பதில்: செய்தவர் வீட்டு வாசலிலேயே கேளுங்கள்

கேள்வி: ஒரு வீடியோ பிளேயரின் பெயரைத் தேடுபொறியில் கொடுத்தால் இருபது இணையதளங்கள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றிலும் ‘இலவசப் பதிவிறக்கம்’ என்றே எழுதியிருக்கிறது. இவற்றில் எதை நம்புவது? (புதிதாக மடிக்கணினி வாங்கியிருக்கும் வாசகி ஒருவர்)

பதில்: அந்த இருபதில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மென்பொருளைச் செய்தவர்களே நடத்தும் தளம் அது. மற்றவையெல்லாம் யாரோ செய்ததை எடுத்துவந்து அடுக்கி வைத்திருக்கும் இடங்கள். அவற்றில் நேர்மையானவையும் உண்டு என்றாலும், பெரும்பாலானவை விளம்பர வருமானத்தை நம்பியே நடப்பதால், பக்கம் முழுவதும் பெரிய பச்சைப் பொத்தான்கள் ‘பதிவிறக்கு’ என்று அழைத்துக்கொண்டிருக்கும். உண்மையான இணைப்போ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பு, படங்களின் அளவைக் குறைக்கும் சிறிய நிரல் ஒன்றைத் தேடிப்போய், அப்படிப்பட்ட ஒரு தளத்தில் நானும் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வேலை முடிந்தபோது உலாவியின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. முகவரிப் பட்டைக்குக் கீழே நான் கேட்காத கருவிப்பட்டைகள் இரண்டு முளைத்திருந்தன. கணினியில் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகவும், பணம் கட்டினால் சரிசெய்வதாகவும் ஒரு நிரல் தானாகவே எழுந்து அறிவித்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் களைய ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. அன்றிலிருந்து செய்தவர் வீட்டு வாசலைத் தவிர வேறு எங்கும் நான் கேட்பதில்லை.

பெயர்பெற்ற தளங்களும் வழுக்கியதுண்டு. கட்டற்ற மென்பொருள்களுக்காகவே (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை உள்ளவை) 1999இல் தொடங்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ், 2013இல் சில நிறுவிகளோடு (மென்பொருளைக் கணினியில் நிறுவித்தரும் கோப்புகள்) விளம்பர நிரல்களையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது. படத் தொகுப்பு மென்பொருளான கிம்ப்பின் குழுவினர் அந்த ஆண்டிலேயே அங்கிருந்து வெளியேறினார்கள். 2016இல் அத்தளம் கைமாறிய பிறகு, புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து, தேடல் முடிவுகளின் உச்சியில் ‘விளம்பரம்’ என்ற சிறு குறிப்புடன் வருபவற்றைத் தொடவே வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளெண்டர், ஓபிஎஸ், 7-ஜிப் முதலிய இலவச மென்பொருள்களைத் தேடியவர்களுக்கு, அசலைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்கள் விளம்பரங்களாகக் காட்டப்பட்டு, கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் பரப்பப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கடவுச்சொல் காப்பகமான கீபாஸின் பெயரில் வந்த போலி விளம்பரம் இன்னும் நுட்பமானது. போலித் தளத்தின் முகவரியில் ஒரே ஒரு வேறுபாடுதான் இருந்தது: முதல் எழுத்தின் அடியில், திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கையால் துடைக்கத் தோன்றும் அளவுக்கு ஒரு சின்னஞ்சிறு குறி. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இனிச் செல்லாது. ஆகவே, அந்த மென்பொருளைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைத் திறந்து, அதில் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரபூர்வத் தளத்தின் இணைப்பு வழியாகச் செல்லுங்கள். ஒருமுறை சரியான இடத்தைக் கண்டுகொண்டால் அதை உலாவியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் தேடத் தேவையிருக்காது.

கேள்வி: பணம் வாங்காமல் ஒருவர் ஏன் மென்பொருளைக் கொடுக்கிறார்? இலவசம் என்றால் எல்லாம் ஒன்றுதானா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: நல்ல மென்பொருளைத் தேடுகிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எதையும் இறக்குவதற்கு முன், ‘இதைச் செய்தது யார், அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது’ என்று இரண்டு நிமிடம் தேடிப் பார்ப்பது என் வழக்கம். தெளிவான விடை கிடைக்காவிட்டால், அந்த மென்பொருள் எனக்கு வேண்டாம்.

இலவசத்தில் பல வகை உண்டு. முதலாவது கட்டற்ற மென்பொருள். இதில் விலையைவிட உரிமைதான் முக்கியம்: யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று மூலநிரலை (நிரலாளர்கள் எழுதிய அசல் வரிகளை) படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததில் தொடங்கியது இந்த இயக்கம். அந்த உரிமைகளை யாரும் பிற்பாடு பறித்துக்கொள்ளாதபடி பாதுகாக்கும் ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு 1989இல் வந்தது. தெருக்கூம்பைச் சின்னமாகக் கொண்ட வீடியோ பிளேயரான விஎல்சி, 1996இல் பிரான்ஸின் பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் இந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய டோன் ரோசன்டால், ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலை விடுவித்துக்கொள்ளலாம் என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புதல் பெற்று, 2002இல் பயனர்களிடமே நிதி கேட்டார். ஏழே வாரங்களில் தொகை சேர்ந்துவிட்டது. இன்று நீங்கள் ஒரு காசும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் பிளெண்டருக்கு, முன்பின் தெரியாத பலர் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்கள். நன்கொடைகளும், நிறுவனங்களின் ஆதரவும், தன்னார்வலர்களின் உழைப்பும்தான் இவ்வகை மென்பொருள்களின் வருமானம். அதை அவர்கள் மறைப்பதில்லை.

இரண்டாவது வகையில் மூலநிரல் மூடியிருக்கும், ஆனால் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. இதன் உரிமத்தைப் படிக்காமல் விடக் கூடாது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு இலவசம், அலுவலகத்தில் பயன்படுத்தக் கட்டணம் என்பது இங்கே சர்வ சாதாரணம். மூன்றாவது, சில நாட்களுக்கு மட்டும் செயல்படும் சோதனைப் பதிப்பு. இதை இலவசம் என்று அழைப்பதே பொருத்தமில்லை. நான்காவது, உங்கள் கவனத்தையோ தரவுகளையோ விற்றுப் பிழைப்பது. ஒரு டார்ச் விளக்குச் செயலி உங்கள் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்டால், அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஆண்ட்ராய்டு பேசியில் கட்டற்ற செயலிகளை மட்டுமே தேடுவோர் எஃப்-டிராய்டு என்ற தொகுப்பகத்தைப் பார்க்கலாம். 2010 முதல் இயங்கும் அதில், பயனரைப் பின்தொடரும் கூறு ஏதேனும் ஒரு செயலியில் இருந்தால் அந்தச் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: விலை அதிகமான மென்பொருளின் ‘கிராக்’ பதிப்பை நண்பர்கள் தருகிறார்கள். அதுவும் இலவசம்தானே?

பதில்: இல்லை. அது பிறர் உழைப்பைத் திருடுவது. அதோடு, நச்சுநிரல்கள் பரவும் பழைய வழிகளில் ஒன்றும் அதுதான். பூட்டை உடைக்கும் நிரலை இயக்குவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு உள்ளே எது நுழைந்தாலும் தடுக்க ஆள் இல்லை. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ என்ற மிரட்டல் நிரல் குடும்பம் உலகெங்கும் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக்குகள் வழியாகத்தான். கட்டற்ற மென்பொருளில் மாற்று இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

கேள்வி: அப்படியானால் நல்ல மாற்றுகள் சிலவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியுமா?

பதில்: ஆவணங்களுக்கும் கணக்குத் தாள்களுக்கும் லிப்ரே ஆபிஸ், 2010இல் ஓபன் ஆபிஸிலிருந்து பிரிந்த இதுதான் இன்று விறுவிறுப்பாக வளர்கிறது, ஆகவே பழைய பெயரைத் தேடிப் போக வேண்டாம். புகைப்படத் திருத்தத்துக்கு கிம்ப், கையால் வரைய விரும்புவோருக்கு கிரிட்டா, சின்னங்களும் சுவரொட்டிகளும் வடிவமைக்க இங்க்ஸ்கேப், ஒலித் தொகுப்புக்கு ஆடாசிட்டி, திரையைப் பதிவுசெய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, சுருக்கிய கோப்புகளை விரிக்க 7-ஜிப், கடவுச்சொற்களுக்கு கீபாஸ். இவை அனைத்தும் கட்டற்றவை, பல ஆண்டுகளாகப் பராமரிக்கப்பட்டு வருபவை. விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பட்டியல்களின் இடம் மாறியிருக்கும், குறுக்குவிசைகள் வேறாக இருக்கும். கிம்ப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை அதற்குக் கொடுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் இல்லாத ஒன்றை நீங்களாகத் தேடும்போது, கடைசிப் பதிப்பு எப்போது வெளியானது என்று பாருங்கள். இணையத்தோடு தொடர்புகொள்ளும் ஒரு மென்பொருள் ஐந்தாண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், அது எவ்வளவு நன்றாக இயங்கினாலும் விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ‘இலவச விளையாட்டு’ என்று இறக்கினால், பாதியில் பணம் கேட்கிறது, அவன் அழுகிறான். உண்மையிலேயே இலவசமான விளையாட்டுகள் உண்டா? (ஒரு தாய்)

பதில்: உண்டு, அம்மா. நீங்கள் சொல்லும் விளையாட்டுகளில், நுழைவதுதான் இலவசம். கொஞ்ச தூரம் போனதும் காத்திருக்க வைப்பார்கள். காத்திருப்பைத் தவிர்க்கப் பணம், நல்ல ஆயுதத்துக்குப் பணம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைத் திறக்கப் பணம். இந்தப் பெட்டிகள் சூதாட்டத்துக்கு ஒப்பானவை என்று கருதி, பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2018இல் அவற்றைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பெரியவர்களையே கட்டிப்போடும் அமைப்பின் முன் ஒன்பது வயதுக் குழந்தை அழுவதில் வியப்பில்லை, அவன்மீது கோபப்படாதீர்கள். செயலிக் கடைகளில் ஒரு விளையாட்டின் பெயருக்கு அருகே ‘செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படியும் அமைத்துவிடுங்கள்.

கட்டற்ற விளையாட்டுகளில் கடையே இல்லை. சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற பந்தய விளையாட்டில், கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் சின்னமான பெங்குவினும் அதன் தோழர்களும் வண்டி ஓட்டுவார்கள். ஒரே கணினியில் இரண்டு பேர் திரையைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டு விளையாடலாம் என்பதால், நீங்களும் உங்கள் மகனோடு உட்காரலாம். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பயிற்சிகள் கொண்ட ஜிகாம்ப்ரீயும், 2002இல் வெளிவந்த டக்ஸ் பெயின்ட் என்ற ஓவியப் பலகையும் இருக்கின்றன. அவன் கொஞ்சம் வளர்ந்ததும், அறுகோணக் கட்டங்களில் படை நகர்த்தும் வெஸ்நாத் விளையாட்டைக் கொடுங்கள்; 2003இல் தொடங்கி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் அது, அவசரப்படாமல் யோசிக்கக் கற்றுக்கொடுக்கும். ரயில் பாதைகளும் பேருந்துத் தடங்களும் அமைக்கும் ஓபன் டிடிடி, பண்டைய நாகரிகங்களை வளர்க்கும் ‘0 ஏ.டி.’ ஆகியவை பெரியவர்களையும் இழுத்து உட்கார வைக்கும். பின்னதில் ரோமர்களுக்கும் கிரேக்கர்களுக்கும் நடுவே மௌரியர்களும் யானைப்படையோடு நிற்கிறார்கள்.

பழைய விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். சந்தையில் இல்லாமல் போனதால் மட்டும் ஒரு விளையாட்டு பொதுச்சொத்து ஆகிவிடாது; பதிப்புரிமை தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது. புகழ்பெற்ற டூம் விளையாட்டின் மூலநிரல் 1997இல் வெளியிடப்பட்டது என்றாலும், அதன் படங்களும் கட்டங்களும் இலவசமாக்கப்படவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஃப்ரீடூம் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் எல்லாவற்றையும் புதிதாக வரைந்திருக்கிறார்கள்.

கேள்வி: சரியான தளத்திலிருந்துதான் இறக்கினேன். இனிப் பயமில்லை என்று இருக்கலாமா?

பதில்: பெரும்பாலும் இருக்கலாம். ஆனால் 2017 மே மாதத்தில் நடந்ததை அறிந்துகொள்ளுங்கள். வீடியோ மாற்றியான ஹேண்ட்பிரேக்கின் பதிவிறக்கச் சேவையகங்களில் ஒன்றுக்குள் புகுந்த யாரோ, மேக் கணினிக்கான கோப்பை எடுத்துவிட்டு நச்சு கலந்த கோப்பை வைத்தார்கள். மே 2 முதல் 6 வரை அதிகாரபூர்வ வழியாகவே இறக்கியவர்களில், யாருக்கு நல்லது வந்தது, யாருக்குக் கெட்டது வந்தது என்பது நாணயத்தைச் சுண்டிவிட்டதுபோல் ஆயிற்று. தப்புவதற்கு ஒரு வழி இருந்தது: செய்தவர்கள் வெளியிட்டிருந்த சரிபார்ப்பு எண்ணோடு தங்கள் கோப்பை ஒப்பிட்டவர்களுக்கு, இரண்டும் பொருந்தவில்லை என்பது உடனே தெரிந்திருக்கும்.

எஸ்எச்ஏ-256 எனப்படும் இந்த எண், எண்களும் எழுத்துகளும் கலந்த 64 குறிகளால் ஆனது. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் இது முழுவதும் வேறாகிவிடும். 7-ஜிப் நிறுவியிருந்தால், விண்டோஸில் கோப்பின்மேல் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலிலேயே இதைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. கிடைத்த எண்ணையும் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தால் போதும்; சில நொடி வேலை. சந்தேகம் தீராவிட்டால், கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பல வைரஸ் தடுப்பு நிரல்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்கலாம். ஒன்றிரண்டு மட்டும் ஐயப்பட்டால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். பத்துப் பதினைந்து ஒருசேர எச்சரித்தால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். ஆனால் உங்கள் சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், ஏனெனில் ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படுகின்றன.

நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போகாமல், ‘விருப்பப்படி நிறுவுக’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு திரையிலும் முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் சரிக்குறிகளைப் படித்துப் பாருங்கள். மென்பொருளின் பெயரோடு தொடர்பில்லாத எதற்காவது குறி இருந்தால், அதை எடுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.