மாநில வரலாற்றுச் சங்கம் போல ஒன்று திருகோணமலைக்குத் தேவையா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மாநிலந்தோறும் வரலாற்றுச் சங்கம் இருக்கிறதே, அது உள்ளூர் மரபைக் காக்க என்ன செய்கிறது? நமக்குத் தொல்பொருள் திணைக்களம் இருக்கும்போது அப்படியொன்று எதற்கு?

கட்டாயம் வேண்டும் என்பேன். இரண்டும் பார்க்கிற வேலை வேறு.

விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1846இல் தொடங்கியது. விஸ்கான்சின் ஒரு மாநிலமானதே 1848இல்தான்! அரசு நிறுவனமாகவும், யாரும் சந்தா கட்டிச் சேரக்கூடிய சங்கமாகவும் அது இயங்குகிறது. பழைய கட்டடங்களைக் கவனிப்பதோடு நிற்காமல் உள்ளூர்ப் பத்திரிகை, கடிதம், புகைப்படம் என்று சாதாரணச் சனங்களின் காகிதங்களையும் சேர்த்து வைக்கிறது.

நம்முடைய திணைக்களம் 1890இல் வந்தது. அதன் கையில் இருப்பது 1940ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தில் தொல்பொருள் என்றால் 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்தத்துக்கு, முந்தியது. கல்லுக்கும் சிலைக்கும் சரி. திருகோணமலைக் கோட்டை வாசலில் நிமிர்ந்து பார்த்தால் தெரியும்: இரட்டைக் கயல், அதோடு சிதைந்த தமிழ் எழுத்துகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று அறிஞர்கள் கூட்டி வாசித்த பாட்டு அதுதான். குளக்கோட்டன் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கீசர், அதாவது பாட்டில் வரும் பறங்கி, அதன் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை அது. கோட்டைக்குள் திரியும் மான்களைப் படம் பிடிக்கிற அவசரத்தில் பாதிப்பேர் அந்தக் கல்லை அண்ணாந்தும் பார்ப்பதில்லை, அது வேறு கதை.

ஆனால் 1815க்குப் பிந்திய திருகோணமலை? 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சனம் எங்கே ஓடியது? 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது டொக்யார்ட்டில் வேலை செய்த குடும்பங்கள் என்ன ஆயின? இவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கிடைத்தால் பழைய அலுமாரியில் கிடக்கும் வேலை அட்டையிலும், காணி உறுதியிலும், கோயில் திருவிழா நோட்டீசிலும்தான் கிடைக்கும். இடப்பெயர்வில் எரிந்ததும் தொலைந்ததும் போக மிச்சமிருப்பதைக் கறையான் தின்கிறது.

இன்னொன்றும் உண்டு. எது மரபு, யாருடைய மரபு என்பதைக் கொழும்பிலிருந்து மட்டும் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கன்னியா வெந்நீரூற்றே போதும். அங்கே பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்த தாதுகோபுரம் கட்டுவதா என்ற தகராறு 2019இல் போராட்டம், வழக்கு என்று போனது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் உட்கார்ந்து பேசுகிற ஒரு உள்ளூர்ச் சங்கம் இருந்திருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் எல்லாத் தரப்பு ஆவணங்களும் ஒரே மேசையில் இருந்திருக்கும்.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளம் இதில் ஒரு பங்கைச் செய்கிறது. பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் கோயில் மலர்களையும் அங்கே இலவசமாக வாசிக்கலாம். ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்க ஊருக்குள்ளேயே ஆள் வேண்டும்.

சங்கம் வரும்வரை வீட்டுப் படங்களை நீங்களே பாருங்கள். யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை வேண்டாம், மை ஊறிவிடும். லாமினேட் பண்ணவே கூடாது, பிறகு பிரித்தெடுக்க முடியாது. முதலில் எண்பது தாண்டியவர்களிடம் படங்களைக் காட்டிப் பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். ஸ்கேன் பண்ணுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.