அருவியைப் படம் எடுத்தால் வேலை கிடைக்குமா?

மலையேற்றம், காட்டுச் சுற்றுலா, அலைச்சறுக்கு நிறுவனங்களில் விளம்பரம், மக்கள் தொடர்பு வேலை தேடுவோர் கேட்டவற்றில் சில.

தமிழ் இலக்கியம் படித்தேன். எம்.பி.ஏ. இல்லை. நுழைய முடியுமா? (வாசகி, திருச்சி)

தாராளமாக. இந்தத் துறையில் படம் எடுக்க ஆள் வரிசையில் நிற்கிறது. ஒழுங்காக எழுதத்தான் ஆள் இல்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்தது. எளிது என்றால் யாருக்கு எளிது? அதைச் சொல்வதில்தான் உங்கள் பிழைப்பு இருக்கிறது. "மனதை மயக்கும் பசுமைப் பாதை" என்று யாரும் எழுதுவார்கள். "முதல் பாதி நிழல்; அதன்பின் புல்வெளி, வெயில் நேராக விழும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், நீளமான காலுறை தேவை. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும்" என்று எழுதுகிறவர் சிலரே. இப்படி எழுதினால் முன்பதிவு குறையுமே என்று முதலாளி முகம் சுளிப்பார். குறையலாம், பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களும் குறைவார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் படிகள். இறங்கி ஏறிவிட்டு, அறுபது வயதுக்காரர் படித்து முடிவெடுக்கும்படி ஒரு பக்கம் எழுதுங்கள். விண்ணப்பத்தோடு அதை இணையுங்கள்.

என் ரீல்ஸை ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அது போதாதா? (வாசகர், கோவை)

உதவும். ஆனால் வேலை கொடுப்பவர் எண்ணிக்கையோடு நிறுத்த மாட்டார், பழைய பதிவுகளையும் புரட்டுவார். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து எடுத்த படம், புலிகள் காப்பகத்தின் மேல் பறக்கவிட்ட ட்ரோன் காட்சி, தடை செய்த அருவிக்கு வழி சொல்லும் வரைபடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வனத்துறையோடு தொழில் செய்யும் நிறுவனம் உங்களைத் தொடாது. இன்று இரவே அவற்றை நீக்கிவிடுங்கள். இலவசமாகத் தங்கிவிட்டுப் பாராட்டினால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது.

எங்கே படிக்கலாம்? (வாசகர், மதுரை)

குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றிய அரசின் சுற்றுலாப் பயண மேலாண்மை நிறுவனத்துக்கு நெல்லூரிலும் வளாகம் உண்டு. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் சுற்றுலாக் கல்வி நிறுவனமான 'கிட்ஸ்' இருக்கிறது. பட்டத்தோடு முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருங்கள்.

சம்பளம் கிடையாது, இலவசமாக மலைக்கு அழைத்துப் போகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (வாசகி, சென்னை)

வேண்டாம். வீட்டு வாடகையை மலைக்காற்றில் கட்ட முடியாது.

தடங்களை மூடிவிட்டால் எங்களுக்கு என்ன வேலை? (வாசகர், தேனி)

அப்போதுதான் உண்மையான வேலை. காட்டுத் தீக் காலத்தில் மலையேற்றம் நிற்கும். வரையாடு குட்டி போடும் பருவத்தில் மூணாறு அருகே உள்ள இரவிகுளம் பூங்கா மூடும். முன்பதிவு செய்தவருக்கு அதைத் தொலைக்காட்சி சொல்வதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டும். காரணம், பணம் எப்போது திரும்பும், மாற்றுத் தேதி ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் நம்புவதில்லை.

தேனிக்காரரான உங்களுக்குக் குரங்கணியை நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போனவர்களைச் சூழ்ந்த காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்படி ஒரு நாள் வந்தால் யார் பேசுவது, எந்த எண்ணில் வீட்டார் அழைப்பது, உறுதியாகாத பெயரை யார் கேட்டாலும் சொல்லாமல் இருப்பது எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். நேர்காணலில் இதைப் பற்றி நீங்களே கேளுங்கள். திட்டம் இல்லை என்று சிரித்து மழுப்பும் நிறுவனம் வேண்டாம்.

கூடலூர்ப் பக்கம் சிற்றூர். ஆங்கிலம் சுமார்தான். எங்களுக்கு வழிகாட்டி வேலை மட்டும்தானா? (வாசகர், நீலகிரி)

இல்லை. தமிழ்நாட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டினர். அவர்களுக்கு எதற்குத் தேய்ந்த ஆங்கிலம்? எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வரும், யானை எந்தப் பக்கம் கடக்கும் என்பதெல்லாம் சென்னை அலுவலகத்துக்குத் தெரியாது. அதைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர் தொடர்பு அலுவலராகலாம். மின்னஞ்சல் எழுதும் அளவு ஆங்கிலத்தைப் பழகுங்கள். யானை கடக்கும் இடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பதிவில் போடாதீர்கள்.