பிரித்துக் கொடுத்த குப்பையைக் கலக்கும் லாரிகள்: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் நகராட்சியில் ஓட்டல், கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட் குப்பையைத் தனியார் வண்டிகள்தான் எடுக்கின்றன. எங்கே கொட்டுகிறார்கள் என்றே தெரிவதில்லை. நகராட்சி எதிலிருந்து தொடங்கலாம்?
– நகர்மன்ற உறுப்பினர், திருப்பூர் மாவட்டம்

வண்டிப் பதிவிலிருந்து. பதியாத வண்டி ஊருக்குள் குப்பை எடுக்கக் கூடாது என்று துணை விதி (நகராட்சியே போடும் உள்ளூர் விதி) கொண்டுவாருங்கள். மன்றத் தீர்மானம் மட்டும் போதாது. முறைப்படி அறிவிக்கை செய்யாத விதியைக் காட்டி அபராதம் போட்டால் வழக்கில் நிற்காது.

பதிவுப் படிவத்தில் வண்டி எண், வெற்று எடை (குப்பை ஏற்றாத வண்டியின் எடை), குப்பை எடுக்கும் இடங்களின் பட்டியல், ஒவ்வொரு வகைக் குப்பையும் போய்ச் சேரும் இடம் ஆகியவை இருக்க வேண்டும். கடைசி விவரத்துக்கு வாய்வார்த்தை ஆகாது. உரக்கிடங்கோ பயோகேஸ் நிலையமோ பழைய பொருள் வாங்குபவரோ எழுதிக்கொடுத்த ஒப்புதல் கடிதம் கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டுகிறவரால் அதைக் கொடுக்க முடியாது.

லாரிக்காரரை மட்டும் பிடித்தாலும் வேலை நடக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய திடக்கழிவு விதிகளின்படி, நாளுக்கு 100 கிலோ குப்பை, 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே அந்த இடம் ‘பெருமளவு குப்பை உருவாக்குபவர்’. பதியாத வண்டிக்குக் குப்பை கொடுத்த இப்படிப்பட்ட ஓட்டலுக்கும் அபராதம் உண்டு என்று துணை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

மண்டபங்கள் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடப்பதால் சராசரி 100 கிலோ வராது என்பார்கள். முகூர்த்த நாளில் ஆயிரம் இலையும் மிச்சச் சோறும் சேர்ந்தால் அந்த அளவு சாதாரணமாகத் தாண்டும். மண்டபத்துக்கு மட்டும் நிகழ்ச்சிவாரியாகக் கணக்கு எடுக்கத் துணை விதியில் இடம் வையுங்கள்.

ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில்தான் பணம் தருகிறோம். தரம் பிரிப்பு ஏறவே இல்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத பொறியாளர்

எப்படி ஏறும்? டன்னுக்குக் காசு என்றால், அட்டையையும் பாட்டிலையும் தனியே எடுத்துவைப்பது அவருக்கு எடை நஷ்டம். கட்டட இடிபாட்டை ஏற்றினால் லாபம். மழைக்காலத்தில் தார்ப்பாய் போடாமல் வந்தால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம். சென்னையில் 2000ஆம் ஆண்டு குப்பை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் மூன்று மண்டலங்களில் ஒப்படைத்தபோது டன் கணக்குதான் இருந்தது. இப்போதைய சென்னை ஒப்பந்தங்களில் பணம் செயல்பாட்டுக் குறியீடுகளை (வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று அளக்கும் அளவுகோல்களை)ப் பொறுத்தது.

உங்கள் அடுத்த டெண்டரில் சேவை பெறும் வீட்டுக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை வையுங்கள். பிரித்து வந்த மக்கும் குப்பைக்கும் மக்காததற்கும் தனித்தனியே ஊக்கத்தொகை கொடுங்கள். கலந்து வந்த லோடுக்குப் பிடித்தம். நடப்பு ஒப்பந்தத்தை மாற்ற முடியாவிட்டால் எடைமேடையையாவது இறுக்கலாம். ஒவ்வொரு நடையிலும், கொட்டிய பிறகு வெற்று எடை போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போட்ட வெற்று எடையை வைத்துப் பில் கொடுப்பதுதான் பெரிய ஓட்டை.

லோடு கலப்படமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? ஆய்வாளர் கண்ணால் பார்த்துச் சொன்னதை ஒப்பந்ததாரர் ஏற்க மறுக்கிறார்.
– துப்புரவு அலுவலர், நாமக்கல்

மறுப்பது சரிதான். கண்மதிப்பு சாட்சியம் ஆகாது. எந்த வண்டியைச் சோதிப்பது என்பதை அன்று காலை சீட்டுக் குலுக்கி எடுங்கள். கிழமை வைத்துப் போனால் அந்தக் கிழமை மட்டும் லோடு சுத்தமாக வரும். சிமென்ட் தளத்தில் கொட்டி, புரட்டிக் கலந்து, நான்கு கூறாக்குங்கள். எதிரெதிரான இரண்டு கூறுகளை ஒதுக்கி, மிச்சத்தை மறுபடி கலந்து கூறிடுங்கள். சுமார் 100 கிலோ மிஞ்சியதும் நிறுத்தி, மக்குவது, மக்காதது, நாப்கின்-டயப்பர், மருந்து-பல்பு-பெயின்ட் டப்பா, மண்-இடிபாடு என்று பிரித்து எடை போட்டு, ஓட்டுநரிடம் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வேற்றுப்பொருள் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் லோடு தோல்வி என்று தொடங்கலாம். பிறகு ஐந்துக்கு இறக்குங்கள். கையுறை, முகக்கவசம், கிளறுகோல் இல்லாமல் பணியாளர்களை இந்த வேலையில் இறக்காதீர்கள். ஊசியும் உடைந்த கண்ணாடியும் வரும்.

உரக்கிடங்குக் கணக்கையும் பாருங்கள். மாதம் 100 டன் உள்ளே போனதாகச் சீட்டு சொன்னால், மோட்டாக 15 முதல் 20 டன் உரமாவது பின்னால் வர வேண்டும். இரண்டு டன்தான் வந்தது என்றால் மீதி வேறெங்கோ போயிருக்கிறது.

நாங்கள் பிரித்துக் கொடுத்தும் ஒரே காம்பாக்டர் லாரியில் கொட்டி அமுக்குகிறார்கள்.
– குடியிருப்போர் சங்கம், கோவை

காம்பாக்டரில் பெரும்பாலும் ஒரே தொட்டிதான். அமுக்கும்போது சாம்பாரும் ரசமும் அட்டைக்குள் இறங்கும். நனைந்த அட்டையைக் காயலான் கடைக்காரர் தொடமாட்டார். மக்காததற்கு வேறு நாளோ வேறு வண்டியோ கேளுங்கள். பணம் கொடுப்பது சங்கம்தான் என்பதால், மாத பில்லுடன் உரக்கிடங்கின் எடைச்சீட்டு இணைக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் சேர்த்துவிடுங்கள். சீட்டு வராத மாதம் பணத்தை நிறுத்துங்கள். புகார் எழுதினால் வண்டி எண் தெரியும் படம், தேதி, நேரம், தெரு நான்கும் இருக்கட்டும்.

வீடுகளில் கலந்து கொடுக்கிறார்கள். அபராதம் எனக்கு வருகிறது. மூன்று மினி டிப்பர் வைத்து ஓட்டுகிறேன்.
– ஒப்பந்ததாரர், ஈரோடு

கலந்த வாளியை வாங்காதீர்கள். வாங்கி வண்டியில் போட்டுவிட்டால் அது உங்கள் குப்பை. கதவில் சிவப்பு அட்டை ஒட்டி, வாளியைப் படம் எடுத்து, கதவு எண்ணைத் தெருப்பட்டியலில் குறித்து, அன்று மாலையே சுகாதார ஆய்வாளருக்கு அனுப்புங்கள். மறுநாள் அனுப்பினால், சோதனையில் மாட்டிய பிறகு ஜோடித்தது என்பார்கள். டிப்பரின் நடுவில் தகரத் தடுப்பு போடும்போது மக்கும் பக்கத்தைப் பெரிதாக விடுங்கள். எடையில் பாதிக்கு மேல் அதுதான். தடுப்பின் அடி விளிம்பில் ரப்பர் பட்டை வைக்காவிட்டால் கசிவு மறுபக்கம் போய், பிரித்து எடுத்ததும் கலப்படக் கணக்கில் சேரும்.