கொழும்பு வெள்ளவத்தையில் கண்ட பச்சை எரிவெள்ளி கடலில்தான் விழுந்ததா?

கேள்வி: போன கிழமை இரவு பத்து மணிபோல், காயப்போட்ட உடுப்பெடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கடற்பக்கமாகப் பச்சை வெளிச்சமொன்று சரிந்து, மூன்று துண்டாகி அணைந்தது. நாலைந்து செக்கன் இருக்கும். சத்தமே இல்லை. செய்மதித் துண்டா? கடலில் விழுந்திருக்குமா? யாருக்காவது அறிவிக்க வேண்டுமா?

பதில்: நாலைந்து செக்கன் என்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. விண்கற்கள் செக்கனுக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுக்குள் பாய்பவை. கண்டோமா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும். செய்மதித் துண்டு அப்படியல்ல. 8 கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்தில், சிதறல்களை இழுத்துக்கொண்டு ஆறுதலாகப் போகும். கீழ்வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டக்கூட நேரமிருக்கும். நீங்கள் கண்டது பெரும்பாலும் பெரிய எரிவெள்ளி, அதாவது காற்றில் எரிந்த விண்கல்.

பச்சைக்கு மகனீசியம், நிக்கல் காரணமாகலாம். காற்றிலுள்ள ஒட்சிசனும் பச்சையாக ஒளிரும் என்பதால், நிறத்தை வைத்துக் கல்லுக்குச் சாதகம் கணிக்க நான் வரமாட்டேன்.

கடலில் விழுந்தது என்பது கண்ணின் மயக்கம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் வானத்தில் சுமார் 10 பாகை. அடிவானத்துக்கு ஒரு முஷ்டி மேலே, 80 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்து அணைந்ததென்றால், உங்களுக்கும் அதற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கு றோட்டால் போகிற தூரம். சத்தம் கேட்காததில் வியப்பில்லை.

செய்மதிக் குப்பை நம் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. 2015 நவம்பர் 13 அன்று, பழைய ரொக்கெட் பாகமாகக் கருதப்படும் பொருளொன்று இலங்கையின் தென்கரைக்கு அப்பால் எரிந்தது. அது பட்டப்பகல், அதுவும் முன்கூட்டியே கணிக்கப்பட்டது.

அறிவிப்பது நல்லதுதான். இன்றிரவே அதே இடத்தில் நின்று, தொடங்கிய இடமும் அணைந்த இடமும் எத்தனை முஷ்டி உயரம் என்று அளவுங்கள். திசையைக் கைத்தொலைபேசியின் திசைகாட்டியில் பாருங்கள். நேரத்தையும் சேர்த்து, சர்வதேச விண்கல் அமைப்பின் இணையப் படிவத்தில் நிரப்பலாம். மாடிக்குடியிருப்பின் சிசிடிவி பதிவை அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடத்துப் பதிவு கிடைத்தால் பாதையைக் கணக்கிடலாம்.

இன்னொன்று. எப்போதாவது இரவு பகலானதுபோல் வெளிச்சம் அடித்தால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் வானில் விண்கல்லொன்று வெடித்தபோது வெளிச்சம் முதலில் வந்தது, அதிர்வலை பிந்தி வந்தது. காயப்பட்ட ஏறத்தாழ 1,500 பேரில் பெரும்பாலானோரை வெட்டியது உடைந்த கண்ணாடி.