காப்பீட்டுத் துறையில் பிஐ (பிசினஸ் இன்டலிஜென்ஸ்) டெவலப்பர் வேலை எப்படி இருக்கும்? சேலத்தில் இருந்தபடி செய்ய முடியுமா?

முடியும். அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொதுக் காப்பீட்டு (ஆயுள் அல்லாத காப்பீடு) நிறுவனத்துக்கு நான் இந்த வேலையைத்தான், அதாவது நிறுவனத்தின் தரவைத் திரட்டி அறிக்கைகளாக்கும் வேலையைத்தான், செய்துவருகிறேன். பொறியியல் முடித்திருப்பதாகவும், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல், அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ இரண்டும் கற்றிருப்பதாகவும், காப்பீடு பற்றி மட்டும் எதுவும் தெரியாது என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குள் நுழைய முதல் இரண்டும் போதும். நுழைந்தபின் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளப்போவது, தெரியாது என்று ஒதுக்கிய மூன்றாவதுதான்.

லீ பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு ஒரு மூட்டையை விற்கும்போதே அதன் கொள்முதல் விலை தெரியும். காப்பீட்டிலோ பணம் முதலில் வந்துவிடுகிறது. விற்றதற்கு என்ன செலவாகும் என்பது மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஆகவே இத்துறையில் எந்த எண்ணைக் காட்டினாலும், அது எந்தத் தேதியைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை.

சங்ககிரி லாரி ஒன்றுக்கு 2025 ஜனவரி 1 அன்று ஓராண்டுப் பாலிசி தொடங்குகிறது என்றும், கணக்கு எளிதாக இருக்க, அதன் பிரீமியம் 36,500 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவு முழுத் தொகையையும் ஜனவரி மாத வியாபாரமாகப் பார்க்கும். கணக்குப் பிரிவோ, மார்ச் 31-இல் நிதியாண்டு முடியும்போது 90 நாள்களே கடந்திருப்பதால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 9,000 ரூபாயை மட்டும் ஈட்டிய பிரீமியமாக ஏற்று, மீதி 27,500 ரூபாயை இன்னும் ஈட்டப்படாததாக ஒதுக்கி வைக்கும். அந்த மூன்று மாதங்களில் 15,000 ரூபாய் கிளைம் வந்திருந்தால், முழுப் பிரீமியத்தால் வகுப்பவருக்குக் கிளைம் விகிதம் 41 சதவீதம். ஈட்டிய பிரீமியத்தால் வகுப்பவருக்கு 167 சதவீதம். ஒரே லாரி ஒருவர் கண்ணில் லாபமாகவும் இன்னொருவர் கண்ணில் பெரும் நட்டமாகவும் நிற்கும். இருவரும் ஒரே கூட்டத்தில் வந்து அமரும்போது, டேஷ்போர்டு (எண்களை ஒரே திரையில் காட்டும் அறிக்கை) தப்பு என்று சொல்லி இருவருமே உங்களைத்தான் பார்ப்பார்கள்.

கிளைம் பக்கம் இன்னும் சிக்கலானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி காப்பீடு (வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம் என்பதால், விபத்தில் பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் இழப்பீட்டை நிறுவனம் கொடுக்க வேண்டிவரும். விபத்து நடந்த நாள், நிறுவனத்துக்குத் தகவல் வந்த நாள், தீர்ப்பு வந்த நாள், பணம் கொடுத்த நாள் என்று ஒரே கிளைமுக்கு நான்கு தேதிகளாவது இருக்கும். இவற்றுள் முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே நிதியாண்டுகள் சில ஓடியிருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கிளைமுக்காக ஒதுக்கிய தொகை கூடும், குறையும். மூல மென்பொருள் பெரும்பாலும் இன்றைய தொகையை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு பழையதன் மேல் எழுதிவிடும். மாதக் கடைசியில் ஒதுக்கீட்டை அப்படியே நகலெடுத்துத் தனியாகச் சேமிக்கும் ஏற்பாடு நிறுவனத்தின் தரவுக் கிடங்கில் இல்லாவிட்டால், போன ஆண்டு இதே நாளில் நாம் எவ்வளவு எதிர்பார்த்தோம் என்று ஆக்சுவரி (காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் வல்லுநர்) கேட்கும்போது பதில் சொல்ல ஒருவராலும் முடியாது. வண்ண வண்ணமாக வரைபடம் போடுவதைவிட, யாரும் பார்க்காத இந்த மாதாந்தரச் சேமிப்பு வேலைதான் பிஐ டெவலப்பரின் உண்மையான மதிப்பு என்பது என் கருத்து.

பழையதன் மேல் எழுதும் சிக்கல் கிளைமில் மட்டுமல்ல. ஏஜெண்ட் ஒருவர் சேலம் கிளையிலிருந்து நாமக்கல் கிளைக்கு மாறினால், அட்டவணையில் அவருடைய பழைய பதிவை அழிக்காமல், தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இட்டுப் புதிய பதிவு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அவர் சேலத்தில் பிடித்த பழைய வியாபாரமெல்லாம் ஒரே இரவில் நாமக்கல் கணக்கில் ஏறிவிடும். அதற்கு மேலாளர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

அரசு செய்யும் வரி மாற்றங்களும் இப்படித்தான். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. அதற்கு முன் 10,000 ரூபாய் பிரீமியத்துக்கு 11,800 வசூலாகும். பின்னர் 10,000 மட்டுமே வசூலாகும். வசூல் தொகையை வைத்து முந்தைய ஆண்டோடு ஒப்பிடும் அறிக்கை, வியாபாரம் துளியும் குறையாதபோதும் சுமார் 15 சதவீதச் சரிவைக் காட்டும். வரி நீக்கிய பிரீமியத்தை அட்டவணையில் தனி நெடுவரிசையாக முன்பே வைத்திருந்தவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

ஆயுள் காப்பீட்டில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் அங்கே 13-ஆவது மாதம், 61-ஆவது மாதம் என்று கணக்கிடும் பாலிசி நீடிப்பு விகிதத்திலும் (எத்தனை பேர் பிரீமியம் கட்டித் தொடர்கிறார்கள் என்பது) இதே தேதிச் சிக்கல் உண்டு. தவணை தாண்டியும் பணம் கட்டத் தரும் சலுகைக் காலம் முடியுமுன் எண்ணினால், பணம் கட்டப்போகிறவரும் கைவிட்டவராகவே தெரிவார்.

என்ன படிப்பது என்று கேட்டீர்கள். பவர் பிஐயின் டாக்ஸ் (DAX) சூத்திரங்களைச் சிறிது காலம் தள்ளிவைத்துவிட்டு, லாரி வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் பாலிசி நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள்; சேலம் மாவட்டத்தில் அப்படி ஓர் உறவினர் கிடைப்பது கடினமல்ல. எது சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், எது தேர்ட் பார்ட்டிக்கானது, என்டார்ஸ்மெண்ட் (பாலிசியில் பின்னர் செய்யும் திருத்தம்) போட்டால் எது மாறுகிறது என்பவை அதிலேயே இருக்கும். அடுத்து, காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ விதிப்படி காப்பீட்டு நிறுவனங்கள் காலாண்டுதோறும் தம் இணையதளத்தில் வெளியிடும் பொது அறிவிப்புப் படிவங்களை இறக்கிக்கொள்ளுங்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் படிவங்களுக்கு என்எல் என்றும், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுடையவற்றுக்கு எல் என்றும் எண்ணிட்டிருப்பார்கள். அவற்றிலுள்ள பிரீமியம், கிளைம் எண்களைக் கொண்டு ஒரு சிறு டேட்டா மாடல் (அட்டவணைகளை இணைத்த அமைப்பு) கட்டி, அந்நிறுவனம் சொல்லும் கிளைம் விகிதம் உங்கள் கணக்கிலும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுவதே நல்ல பயிற்சி. நேர்காணலில் சான்றிதழ்களைவிட அதைப் பற்றித்தான் நான் அதிகம் கேட்பேன்.

யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், சோழமண்டலம் எம்எஸ், ராயல் சுந்தரம் ஆகியவற்றின் தலைமையகங்கள் சென்னையில் இருப்பதால், தமிழ்நாட்டை விட்டுப் போகாமலே முயல இடமுண்டு. ஆனால் முதல் ஓரிரு ஆண்டுகள் அலுவலகத்திலேயே இருப்பது நல்லது. கிளைம் பிரிவுக்காரர் மேசைக்குப் போய், ‘சார், இந்தப் பதிவு ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வதைக் காணொளி அழைப்பில் பெற முடியாது. ஊருக்கு மாறிய பிறகும் அவ்வப்போது ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் போய்வர வேண்டியிருக்கும். வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் அடங்கிய தரவு என்பதால், எங்கள் நிறுவனத்தில் எதையும் வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ள அனுமதியில்லை. எல்லாமே நிறுவனச் சர்வரில்தான். விடுப்பைப் பொறுத்தவரை, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குத் தாராளமாகக் கிடைக்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரல் முதல் பாதியில் மட்டும் கேட்காதீர்கள்.