கேள்வி நேரம்: பட்ஜெட்டை நம்பலாமா?

கேள்வி: ஆற்காடு சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாசலில் மெட்ரோ வேலை. இதற்குப் பணம் தருவதாக 2021 பட்ஜெட்டிலேயே நிதியமைச்சர் படித்தாரே! வருடா வருடம் லட்சம் கோடி என்று கேட்டுக் கேட்டு எதையும் நம்பத் தோன்றவில்லை. நான் சந்தேகப்படுவது தப்பா ஐயா?
— வாசகர், வளசரவாக்கம்

பதில்: தப்பே இல்லை. 2021 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் படித்த உரையில், 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு பங்கு தரும், மதிப்பு 63,246 கோடி ரூபாய் என்று இருந்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு சொன்னது. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததோ 2024 அக்டோபர் 3-ல்! அதுவரை மாநில அரசின் திட்டமாகத்தான் வேலை நடந்தது. அந்த மூன்றரை வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கணக்குத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். செலவுக்கு நாடாளுமன்றம் கொடுப்பது அனுமதிதான். செலவழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் உரையை விட்டுவிட்டு, பட்ஜெட் ஆவணத்தின் அட்டவணையில் ‘பட்ஜெட் மதிப்பீடு’ (முதலில் சொன்ன தொகை), ‘திருத்திய மதிப்பீடு’ (பிறகு மாற்றிய தொகை) என்ற இரண்டு வரிசைகளைப் பாருங்கள். 2024-25-ல் மூலதனச் செலவு, அதாவது சாலை, ரயில் பாதை மாதிரி சொத்துகளை உருவாக்கும் செலவு, 11.11 லட்சம் கோடி என்றார்கள். அடுத்த பிப்ரவரியில் அது 10.18 லட்சம் கோடியாக இறங்கியிருந்தது. கைதட்டல் முதல் எண்ணுக்குத்தான் கிடைத்தது. இரண்டாவதைப் பற்றி டிவியில் எத்தனை பேர் பேசினார்கள்?

அதற்காக எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2025-26-க்குள் நிதிப் பற்றாக்குறையை (அரசு கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய துண்டு) நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று அதே 2021 உரையில் சொன்னார். 2025-26 பட்ஜெட்டில் 4.4 சதவீதம் என்றே வைத்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கேள்வி: அப்போ 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றதும் வெறும் பேச்சுதானா?
— அதே வாசகர்

பதில்: இல்லை, அது சட்டமாகிவிட்டது. 2025-26 முதல் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு. கடைக்காரருக்கு விற்பனைத் தொகை கணக்கில்லை, லாபம்தான் கணக்கு. வீட்டு வாடகை, வட்டி எதுவும் வந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். 12.75 லட்சம் என்று சொல்வது சம்பளக்காரர்களுக்கு மட்டும். சரி, வரி வராது என்று ரிட்டர்ன் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.